கதீட்டரும் சிறுநீர்த் தொற்றும்

சிறுநீர் தானாகப் பிரியாதபோதும், மணிக்கு எவ்வளவு பிரிகிறது என்று துல்லியமாக அளக்க வேண்டியிருக்கும்போதும் நோயாளியின் சிறுநீர்த் துளை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பைவரை செலுத்தி வைக்கிறார்கள். அதுவே கதீட்டர். வார்டுகளில் 'யூரின் ட்யூப்' என்பார்கள். மருத்துவமனையில் சேர்பவர்களில் 15 முதல் 25 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு கட்டத்தில் இது போடப்படுகிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் கணிப்பு. மருத்துவமனைக்கு வந்த பிறகு பிடிக்கும் சிறுநீர்த் தொற்றுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கதீட்டர் போட்டவர்களுக்கே வருகிறது. இடுப்பெலும்பு முறிந்து வந்தவர், எலும்பு கூடிய பிறகும் காய்ச்சலோடு மேலும் சில நாள் படுத்திருக்க இது காரணமாகிவிடுகிறது. சிலருக்குக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து இரத்தத்திலும் கலந்துவிடும். வயதானவர்களுக்கு அது உயிரையே பறிக்கக்கூடியது. இந்தத் தொற்றுகளில் கணிசமானவை வராமலே தடுக்கக்கூடியவை என்பதுதான் வருத்தம் தரும் செய்தி.

இன்று உலகெங்கும் பயன்படுவது ஃபோலி கதீட்டர். குழாயின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பலூன் இருக்கும். நுனி சிறுநீர்ப்பைக்குள் போனதும், சுமார் 10 மில்லிலிட்டர் கிருமிநீக்கிய நீரை ஏற்றிப் பலூனைப் பருக்க வைத்தால் குழாய் நழுவி வெளியே வராது. 1930களில் இந்த வடிவத்தைப் பரவலாக்கிய அமெரிக்கச் சிறுநீரியல் அறுவை மருத்துவர் பிரெடெரிக் ஃபோலியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. குழாயின் பருமனைப் 'பிரெஞ்சு' என்ற அளவில் சொல்வார்கள். மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 பிரெஞ்சு, அதாவது ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் போதும்.

சிறுநீர்ப்பை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உறுப்பு. வெளியிலிருந்து ஏறிவரும் கிருமிகளை ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அது அடித்து வெளியேற்றிவிடுகிறது. கழிக்காத நேரத்தில் வாய்ப்பகுதித் தசைகள் இறுக மூடியிருக்கின்றன. உட்சுவரின் சவ்வும் கிருமிகளை எளிதில் ஒட்டவிடாது. கதீட்டர் இந்த மூன்று காவல்களையும் ஒரே நேரத்தில் குலைக்கிறது. மூடியிருக்க வேண்டிய வழி இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. சிறுநீர் வேகமாகப் பாயாமல் சொட்டுச் சொட்டாக வடிகிறது. வடியும் துளை பலூனுக்கு மேலே இருப்பதால், அதற்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கிறது. பெண்களுக்குச் சிறுநீர்ப் புறவழி சுமார் நான்கு சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அது இருபது சென்டிமீட்டர் அளவுக்கு நீளம். பெண்களுக்கு இந்தத் தொற்று எளிதில் வருவதற்கு இந்த நீள வேறுபாடு ஒரு காரணம்.

கிருமி உள்ளே போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, குழாயின் வெளிப்புறம். நோயாளியின் குடலிலும் தோலிலும் இருக்கும் கிருமிகளே சிறுநீர்த் துளையைச் சுற்றிக் குடியேறி, குழாயை ஒட்டியபடி மெல்ல மேலே ஏறுகின்றன. மற்றொன்று, குழாயின் உட்புறம். சிறுநீர் சேரும் பையின் வடிகுழாய் வாயிலிருந்தோ, குழாயும் பையும் சேரும் மூட்டைக் கழற்றும்போதோ நுழையும் கிருமி உள்ளே பயணம் செய்கிறது. இந்த இரண்டாம் பாதையில் வருபவை பெரும்பாலும் மருத்துவப் பணியாளர்களின் கைகள் வழியாக ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குத் தாவியவை. பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகைகள் ஒரே வார்டில் ஒருவர்பின் ஒருவராகப் பற்றுவதற்கு இதுவும் ஒரு வழி. குடலிலிருந்து வரும் ஈ. கோலை, என்டெரோகாக்கஸ், கேண்டிடா என்னும் பூஞ்சை ஆகியவையும் கதீட்டர் உள்ளவர்களின் சிறுநீரில் அடிக்கடி காணப்படுகின்றன.

உள்ளே வந்த கிருமி சிறுநீரில் மிதந்துகொண்டு மட்டும் இருப்பதில்லை. குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதுபோல் குழாயின் பரப்பில் ஒட்டி, தன்னைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்குகிறது. இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். ஆன்டிபயாடிக் மருந்து இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளைச் சரியாக அழிப்பதில்லை. உடலின் வெள்ளணுக்களாலும் முடிவதில்லை. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் தணிந்து, நிறுத்தியதும் திரும்ப வருவது இதனால்தான். புரோட்டியஸ் என்னும் பாக்டீரியா இன்னும் ஒரு படி மேலே போகும். யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். அப்போது மக்னீசிய, கால்சிய உப்புகள் படிகங்களாகி, குழாயின் துளையையே அடைத்துவிடுகின்றன. நீண்ட காலம் கதீட்டரோடு இருப்பவர்களுக்குக் குழாய் அடிக்கடி அடைபட்டால் அங்கே புரோட்டியஸ் இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பது வழக்கம். மலச்சிக்கல் உள்ள முதியவர்களில் சில நேரம் யூரின் பை முழுதும் கத்திரிப்பூ நிறமாக மாறிவிடும். பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். உணவிலுள்ள டிரிப்டோபன் என்னும் பொருளைக் குடல் கிருமிகளும் சிறுநீர்க் கிருமிகளும் மாற்றி மாற்றி உடைப்பதால் நீல, சிவப்புச் சாயங்கள் உண்டாகிப் பையின் பிளாஸ்டிக்கில் ஏறுவதே அதற்குக் காரணம். நிறம் தன்னளவில் ஆபத்தில்லை. சிறுநீரில் கிருமி பெருகியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கதீட்டரின் மறுமுனையைக் கட்டிலடியில் இருந்த திறந்த பாத்திரத்தில் விட்டுவைப்பதே வழக்கமாக இருந்தது. அப்படி வைத்தால் நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி வந்துவிடும். மூடிய வடிகால் முறை நல்லது என்று இலண்டன் மருத்துவர் கத்பர்ட் டியூக்ஸ் 1920களின் இறுதியிலேயே சொல்லியிருந்தும் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1958இல் அமெரிக்க மருத்துவர் பால் பீசன், தேவையில்லாமல் கதீட்டர் போடும் பழக்கத்துக்கு எதிராக மருத்துவ இதழொன்றில் தலையங்கமே எழுதினார். 1966இல் கால்வின் குனின், ரெஜினா மெக்கார்மக் இருவரும் வெளியிட்ட ஆய்வுதான் நிலைமையை மாற்றியது. குழாயும் பையும் பிரிக்கப்படாமல் ஒரே மூடிய அமைப்பாக இருந்தால் கிருமி ஏறுவது பெரிதும் தாமதமாகிறது என்று அவர்கள் காட்டினார்கள். இன்று எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் காணும் பிளாஸ்டிக் யூரின் பை அந்தச் சிந்தனையின் விளைவு.

தாமதமாகிறதே தவிர, நிற்பதில்லை. மூடிய அமைப்பிலும் ஒவ்வொரு நாளும் மூன்று முதல் ஏழு சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி சிறுநீரில் ஏறுகிறது. ஒரு மாதம் கதீட்டர் இருந்தால் ஏறக்குறைய யாரும் தப்புவதில்லை. ஆகவே தொற்றுக்கு எதிரான போராட்டத்தில் முதலில் எண்ண வேண்டியது நாட்களை. குழாய் எந்த நிறுவனத்தினுடையது, என்ன பூச்சு பூசியது என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரில் கிருமி இருப்பதும் சிறுநீர்த் தொற்று நோயும் ஒன்றல்ல. கதீட்டர் உள்ள பலருடைய சிறுநீரில் கிருமி இருக்கும். ஆனால் அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, அடிவயிற்று வலி இருக்காது, எந்தத் தொல்லையும் இருக்காது. இவர்களுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்களும் மட்டும் விதிவிலக்கு. சிறுநீர் கலங்கலாக இருப்பதோ நாற்றம் அடிப்பதோ மட்டும் மருந்து தொடங்கப் போதிய காரணம் ஆகாது. தொல்லை இல்லாதவருக்குத் தரும் மருந்து, கிருமிகளுள் எளிதில் அழிபவற்றை அழித்து, அழியாதவற்றை வளர்க்கிறது. பின்னால் உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது கொடுக்க மருந்து இல்லாமல் போகிறது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் ஏற்கெனவே மிகுந்துவிட்ட இந்தியா போன்ற நாட்டில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கதீட்டர் இருப்பவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்ற வழக்கமான அறிகுறி தெரியாது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவுக்குப் பின்புறமோ வலி ஆகியவையே கவனிக்க வேண்டியவை. வயதானவருக்குத் திடீரென்று நினைவு தடுமாறினால் அதற்கு நீர்ச்சத்துக் குறைவு, மருந்துகள் எனப் பல காரணங்கள் இருக்கலாம்; அவற்றையும் பார்த்த பிறகே சிறுநீர்த் தொற்றின்மேல் பழியைப் போட வேண்டும். சோதனைக்குச் சிறுநீரைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. பையில் பல மணி நேரம் தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகியிருக்கும், முடிவு தவறாகிவிடும். குழாயில் அதற்கென்றே உள்ள பகுதியைத் துடைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த குழாயென்றால், அதைக் கழற்றிப் புதிது போட்டு, புதிய குழாயிலிருந்து எடுப்பதே சரி. பழைய குழாயின் படலத்தில் வாழும் கிருமிகளெல்லாம் சிறுநீர்ப்பையில் நோய் உண்டாக்குபவை அல்ல.

தடுப்பில் முதல் வேலை, தேவையில்லாதவருக்குக் கதீட்டர் போடாமல் இருப்பது. சிறுநீர் அடைத்துக்கொண்டவர், உயிருக்குப் போராடும் நிலையில் மணிக்கு மணி சிறுநீர் அளவு தெரிய வேண்டியவர், சில வகை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர், முதுகெலும்போ இடுப்பெலும்போ முறிந்து அசையாமல் கிடக்க வேண்டியவர், பிட்டத்தில் ஆறாப் புண் இருந்து அதில் சிறுநீர் படுகிறவர், வாழ்வின் இறுதி நாட்களில் ஆறுதல் வேண்டுபவர் ஆகியோருக்குக் கதீட்டர் நியாயமானது. படுக்கை நனைகிறது, பெட்பேன் வைக்க ஆளில்லை, அவசரப் பிரிவில் எல்லாருக்கும் போடுவது வழக்கம் என்பவை நியாயமான காரணங்கள் அல்ல. நாற்பது நோயாளிகளை இரண்டு செவிலியர்கள் பார்க்கும் வார்டில் கதீட்டர் வேலையை எளிதாக்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையின் விலையை நோயாளியின் சிறுநீர்ப்பை கொடுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க முடிகிற, கட்டுப்படுத்த முடியாத ஆண்களுக்கு உறைபோல் வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் உண்டு. மற்றவர்களுக்கு டயப்பர், பெட்பேன், நேரம் தவறாமல் கழிப்பறைக்கு அழைத்துப்போவது ஆகியவை உண்டு. அறுவைக்குப் பின் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே குழாயைப் போட்டுவிடாமல், வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் சிறிய ஸ்கேன் கருவியால் சிறுநீர்ப்பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்கலாம்.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் போல, வாழ்நாள் முழுதும் குழாயின் உதவி வேண்டியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குழாயை நிரந்தரமாக வைக்காமல், நாளுக்குச் சில முறை தாங்களே செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் 1972இல் இதற்கு முழுக் கிருமிநீக்கம்கூடத் தேவையில்லை, சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும் என்று சொன்னபோது மருத்துவ உலகம் வியந்தது. சிறுநீர்ப்பை நிரம்பிப் பிதுங்காமல் முழுதாக வடிவதே முக்கியம் என்பது அவர் வாதம். கை ஒத்துழைக்கிறவர்களுக்கு இன்றும் இதுவே சிறந்த முறை.

இரண்டாவது வேலை, போட்டதை நேரத்தோடு எடுப்பது. சொல்ல எளிது, மருத்துவமனைகளில் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான். 2000ஆம் ஆண்டில் சஞ்சய் செயின்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் சக ஆய்வாளர்களும் தங்கள் நோயாளிகளுக்குக் கதீட்டர் இருப்பது மருத்துவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். கதீட்டர் இருந்த நோயாளிகளைப் பற்றிக் கேட்டபோது 28 சதவீத நேரங்களில் மருத்துவருக்கு அது தெரியவில்லை. பயிற்சி மருத்துவர்களைவிட மூத்த மருத்துவர்களுக்கே மறதி அதிகம். அவர்களிடம் அது 38 சதவீதம். போடப்பட்டிருந்த கதீட்டர்களில் 31 சதவீதத்துக்குச் சரியான காரணம் இல்லை. போர்வைக்கு அடியில் மறைந்து கிடக்கும் குழாயை யாரும் நினைப்பதில்லை. எனவே நினைவூட்டல் ஒரு முறையாக வேண்டும். தினமும் காலை ரவுண்ட்ஸில் 'இவருக்கு இன்றும் குழாய் தேவையா' என்று கேட்பது, கேஸ் ஷீட்டில் போட்ட தேதியையும் காரணத்தையும் எழுதுவது, குறித்த நாள் கடந்தால் தானாக நிறுத்தச் சொல்லும் உத்தரவு, குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் மருத்துவரைக் காத்திராமல் செவிலியரே எடுக்கும் அதிகாரம் ஆகியவை நடைமுறையில் உள்ள வழிகள். இத்தகைய ஏற்பாடுகளை அலசிய 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைவதைக் காட்டியது. செலவில்லாத ஏற்பாடு இது. அறுவைக்காகப் போட்டதை, வேறு தேவை இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல். எடுப்பதற்கு முன் குழாயைக் கவ்வியால் மூடி மூடித் திறந்து சிறுநீர்ப்பைக்குப் 'பயிற்சி' கொடுக்கும் பழைய வழக்கமும் தேவையில்லை.

போடும்போது கவனிக்க வேண்டியவை செவிலியர் பயிற்சியில் எல்லாரும் படித்தவையே. கை கழுவுதல், கிருமிநீக்கிய கையுறை, விரிப்பு, ஒரு முறை மட்டும் பயன்படும் வழவழப்பு ஜெல், வடிவதற்குப் போதுமான மிகச் சிறிய குழாய். பயிற்சி பெற்றவரே போட வேண்டும். சிறுநீர்த் துளையைச் சுற்றி உப்பு நீரால் துடைப்பதைவிட 0.1 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைத்தபோது தொற்று பெரிதும் குறைந்ததாக ஆஸ்திரேலியாவின் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. போட்டு முடித்ததும் குழாயைத் தொடையில் பிளாஸ்டரால் பொருத்திவிட வேண்டும். இழுபடும் குழாய் சிறுநீர் வழியைப் புண்ணாக்கும். முன்னும் பின்னும் நகர்ந்து கிருமியையும் உள்ளே தள்ளும்.

போட்ட பிறகு பாதுகாப்பு பெரும்பாலும் பையைப் பொறுத்தது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தரையில் படக் கூடாது. நோயாளியை ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பையை எடுத்து அவர் வயிற்றின்மேலோ கால்களுக்கு நடுவிலோ வைத்துவிடுவது எங்கும் காணும் தவறு. அந்தச் சில நிமிடங்களில் பையில் இருந்த பழைய சிறுநீர் கிருமிகளோடு சிறுநீர்ப்பைக்குத் திரும்பிப் போகலாம். கிளம்பும் முன் பையைக் காலி செய்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் தாழ்வாக மாட்டினால் போதும். குழாய் மடங்காமலும் நோயாளியின் உடலடியில் நசுங்காமலும் இருக்க வேண்டும். பை மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். பையின் வடிகுழாய் வாய் பாத்திரத்தில் முட்டக் கூடாது. ஒரே குவளையை எடுத்துக்கொண்டு, ஒரே கையுறையோடு வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எல்லாப் பைகளையும் காலி செய்துகொண்டு போவது, ஒருவரின் கிருமியை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுப்பதற்குச் சமம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கையுறையை மாற்றிக் கையைச் சுத்தம் செய்வது அத்தியாவசியம்.

சிறுநீர்த் துளையைச் சுற்றித் தினமும் குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், முடிந்ததும் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லையென்றால் வீங்கிப் பெருந்தொல்லையாகும்.

நல்லது என்று நினைத்துச் செய்யப்படும் சில காரியங்கள் பயனற்றவை, சில தீங்கும் செய்பவை. கதீட்டர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறு. சிறுநீர்ப்பையைக் கிருமிநாசினி விட்டு அலசுவது, பைக்குள் கிருமிநாசினி ஊற்றுவது, நாள் கணக்கு வைத்துக் குழாயையும் பையையும் மாற்றுவது ஆகியவற்றை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. அடைப்போ தொற்றோ வந்தால், மூடிய அமைப்பு பிரிந்துவிட்டால் மாற்றினால் போதும். வெள்ளிப் பூச்சு பூசிய விலையுயர்ந்த குழாய்கள்மேல் ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், சாதாரணக் குழாய் போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்கும் வெள்ளிப் பூச்சுக் குழாய் போட்டவர்களில் 12.5 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. குறுகிய காலப் பயன்பாட்டுக்கு அந்தக் கூடுதல் செலவு வீண். பார்லித் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை; ஆனால் தொற்றுத் தடுப்பு முறையாக அதை நம்பியிருக்க முடியாது. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மருத்துவமனை இதில் எப்படி இருக்கிறது என்பதை ஆயிரம் கதீட்டர் நாளுக்கு எத்தனை தொற்று என்ற கணக்கில் அளக்கிறார்கள். பத்து நோயாளிகளுக்கு மூன்று நாள் கதீட்டர் இருந்தால் அது முப்பது கதீட்டர் நாள். அமெரிக்காவில் முதியோர் அரசுக் காப்பீடு 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் வந்த இந்தத் தொற்றுக்கான கூடுதல் சிகிச்சைக்குப் பணம் தருவதை நிறுத்தியது. பிறகு 603 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய தடுப்புத் திட்டத்தில், பொது வார்டுகளில் தொற்று விகிதம் ஆயிரம் கதீட்டர் நாளுக்கு 2.28இலிருந்து 1.54ஆகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மாற்றம் ஏதும் இல்லை. அங்கே சிறுநீர் அளவை அறிய வேண்டும் என்ற காரணம் எப்போதும் கையில் இருப்பதும், காய்ச்சல் வந்தால் எல்லாச் சோதனைக்கும் அனுப்பிவிடும் பழக்கமும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இந்தியாவில் என்.ஏ.பி.எச். தரச் சான்று பெறும் மருத்துவமனைகள் இந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டும்.

நம் மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே பெரும்பாலும் வீட்டார் ஒருவர் இருக்கிறார். பையைத் தூக்கிப் பிடிப்பதும், தரையில் வைப்பதும், காலி செய்வதும் பல நேரம் அவர்தான். ஆகவே இவற்றை அவருக்குச் சொல்லிக் கொடுப்பது செவிலியரின் கடமை. கேட்டுக்கொள்வது அவருடைய உரிமை. குழாய் எதற்குப் போட்டிருக்கிறது, எப்போது எடுப்பார்கள் என்று தினமும் காலையில் மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். குழாயை எடுத்த பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றாலும், வீடு திரும்பி இரண்டு நாளுக்குள் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ விலா வலியோ வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அண்மையில் கதீட்டர் இருந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.